வாடைக்காலத்தில் வீடும் வெளியும்

பரதவ மக்களின் அன்னையாகத் தூத்துக்குடியில் எழுந்தருளியிருக்கும் பனிமய மாதாவின் திருவுருவம் 1555-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்ததாகச் சொல்வது மரபு. ரோமாபுரியின் எஸ்குயிலின் குன்றின்மீது நடுக்கோடையில் வெண்பனி பெய்து, தேவாலயம் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது அந்தத் திருநாமத்துக்குக் காரணமான ஐதிகம். அதற்குரிய விழா ஆகஸ்டு 5-ஆம் தேதி நம் ஊரில் நடைபெறும்போதோ, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தெருப்புழுதியை அள்ளி வீச, ஜனங்கள் வியர்வையில் நனைந்து நிற்பார்கள். 1713-ல் கட்டி முடிந்து, 1982-ல் பசிலிக்கா என்னும் அந்தஸ்தைப் பெற்ற அந்தப் பேராலயத்தின் கூரைமேல் இத்தனை காலத்தில் வெண்பனித் துகள் ஒன்றேனும் விழுந்ததில்லை, விழப்போவதும் இல்லை.

இப்படிப்பட்ட ஊருக்குக் குளிர்கால வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி மாதத்து விடியற்காலையில் ரோச் பூங்காவை ஒட்டிய கடற்கரைச் சாலையில் சற்று நடந்து பார்க்கட்டும். உஷ்ணமானி செல்சியஸ் அளவில் 20 பாகைக்குக் கீழே இறங்க மனமின்றி நிற்கும். ஆயினும் காதை மப்ளரால் மூடிக்கொண்டு, தேநீர்க் கடை அடுப்பை நோக்கிக் கைகளை நீட்டியபடி முதியவர்கள் நிற்பதைக் காணலாம். அவர்கள் பாசாங்கு செய்கிறவர்கள் அல்லர். சித்திரை, வைகாசி வெயிலில் பதப்பட்ட தேகத்துக்கு இந்தச் சீதோஷ்ணமே குளிராகப்படுவது இயல்பு. அதனுடன் கடலிலிருந்து எழும் ஈரமும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் சேர்ந்துகொண்டால் எலும்பு வரை நடுக்கம் புகுந்துவிடும். இக்கரையில் தேகத்தை வருத்துபவை ஈரமும் காற்றுமே; உஷ்ணமானி காட்டும் எண் அவ்வளவு முக்கியமானதன்று. உலர்ந்திருப்பதற்கும், காற்றை மறித்துக்கொள்வதற்கும் வழி தேடிக்கொண்டவர், கம்பளியைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெண்பனி பெய்யும் தேசத்தார் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே உட்காரும் அதே மாதங்கள், முத்துக்கரைவாசிகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே புறப்பட வேண்டிய மாதங்கள் என்பதையும் இவ்வத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற மாதங்களில் இக்கரையில் வெளியே உலாவுவதில் இன்பம் சொற்பம்.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை கச்சானுக்கு உரிய காலம். மணல் கண்ணை மறைக்கும், கடல் கொந்தளிக்கும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள்கூட அந்நாட்களில் ஓய்ந்துகிடப்பது நெடுநாளைய வழக்கம். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. சாதாரண வருஷங்களில் நம்முடைய ஜில்லாவில் பெய்கிற மழை கொஞ்சந்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததையும், ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் அதிகமான நீர் ஓர் இரவிலும் பகலிலும் இறங்கியதால் தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாகிப் போனதையும் கண்டவர்கள், மழைமாதங்களில் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த மாதங்களில் கடற்கரைக்குப் போகிறவர், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. 1-ஆம் எண் கூண்டு ஏறியிருந்தால், தொலைவில் கடலின்மேல் காற்று கெட்டுப் புயல் உருவாகலாம் என்று பொருள். 3-ஆம் எண் ஏறினால், பலத்த காற்றும் மழையும் துறைமுகத்தையே தாக்கக்கூடும் என்று பொருள். வள்ளக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போகிறவரைத் தைரியசாலி என்று யாரும் புகழ மாட்டார்கள்.

மார்கழியின் பிற்பகுதி தொடங்கி மாசி முடியும் வரையில் உள்ள காலமே நமக்கு வாய்த்த பொற்காலம். வானம் வெளுத்து, காற்று மெல்ல மெல்ல இளைத்து, மாசிக்குப் பிறகு கடல் குளம்போல் அடங்கிவிடும். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், 1961-ல் நடந்த கடைசிக் குளிப்பு வரையில், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த அமைதியை எதிர்பார்த்தே முத்துச்சிப்பிப் பார்களைச் சோதித்து, நாள் குறித்து, ஊர் ஊராக அறிவிப்பார்கள்.

கரையோர நடை

இக்காலத்துக்கு ஏற்ற பொழுதுபோக்குகளில் முதலிடம் தர வேண்டியது, என் அபிப்பிராயத்தில், செலவே இல்லாததும் வயது வித்தியாசம் பாராததுமான கரையோர நடைதான். வாடைக்காற்று இரண்டு மூன்று நாட்கள் ஓங்கி வீசி அடங்கியதற்கு மறுநாள் விடியலில் புறப்பட வேண்டும். அலை தன் வயிற்றிலிருந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் கரையில் கக்கியிருக்கும். நம்முடைய கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவேயாயினும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகமாக இருப்பதால், அன்றைய தினங்களில் மேலும் நாலடி கடல் நமக்கு வழிவிடும். கட்டக்கோரைப் பாசியும் கடற்புல்லும் சுருண்டு கிடக்கும் குப்பை வரிசையே பார்க்க வேண்டிய இடம். கணவாய் ஓடு, முத்துச்சிப்பியின் ஒற்றை மடல், கடலில் உருண்டு தேய்ந்த சங்கின் நடுத்தண்டு ஆகியவை எளிதில் அகப்படும். தை, மாசியில் அதிர்ஷ்டம் இருந்தால், வளையம் வளையமாக அடுக்கி முறுக்கிய ஆட்டுக்கொம்பைப் போன்ற ஒரு விசித்திர வஸ்து கண்ணில் படும். கடற்கரையார் சங்குப்பூ என்று வழங்கும் அது, தாய்ச்சங்கு முட்டையிட்ட கூடு. ஒவ்வோர் அறையிலும் குஞ்சுச் சங்குகள் இருந்து வெளிப்பட்ட துவாரத்தைக் காணலாம். சங்கைத் தெய்வச் சின்னமாகப் பூஜிக்கும் குடும்பங்களில்கூடப் பலர் இதைப் பார்த்ததில்லை.

பொறுக்குவதற்கும் ஒரு நியதி உண்டு. உயிரற்ற சாதாரணச் சிப்பிகளோடு ஆசையை நிறுத்திக்கொள்ள வேண்டும். பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001 முதல் காக்கப்பட்டு வருவன. அவை செத்துக் கரையில் கிடந்தாலும் எடுத்துச் செல்லலாகாது. பெரிய சங்கினங்களிலும் சோழிகளிலும் சில வகைகள் அதே சட்டத்தில் அடங்கியிருப்பதால், இன்னதென்று தெரியாத பெரிய சங்கைக் கண்டால் பார்த்து மகிழ்ந்து விட்டுவிடுவதே உசிதம். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாக உள்ள 21 தீவுகளும் 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. வான் தீவுக்கும் காசுவார் தீவுக்கும் படகு அமர்த்திக் கொண்டுபோய் இறக்கிவிடுவதாக யாராவது சொன்னால், அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பது குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தீவின் காற்று வேண்டுமென்பவர்க்குத் துறைமுகத்தின் அருகே கரையோடு இணைந்த முயல் தீவு இருக்கிறது. பொங்கல் நாட்களில் ஊரார் கட்டுச்சோற்றுடன் அங்கே கூடும் வழக்கமும் இருக்கிறது.

உயிருள்ள கூம்பு வடிவச் சங்கை ஒருபோதும் கையில் எடுக்கலாகாது. வலை பின்னியதுபோல் அழகிய சித்திர வேலைப்பாடு கொண்ட ஓட்டினுள்ளிருந்து விஷமுள்ள ஊசியைச் செலுத்தி மனிதரைக் கொல்லக்கூடிய இனங்கள் மன்னார் வளைகுடாவில் உள்ளன. ஆழமில்லாத நீரில் நடக்கும்போது பாதத்தை உயர்த்தி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடந்தால், மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை விலகிப் போகும். மிதித்துவிட்டாலோ வால்முள் தைத்துவிடும். அப்படித் தைத்துவிட்டால், காயத்தைக் கழுவி, தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காலை அமிழ்த்தி வைத்தால் வேதனை வெகுவாகத் தணியும். கெளுத்தி முள்ளுக்கும் அதுவே முதலுதவி. முள் ஒடிந்து உள்ளே தங்கியிருந்தாலும், மார்பிலோ வயிற்றிலோ தைத்திருந்தாலும், வெந்நீரோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொண்டுவந்த சிப்பிகளை நல்ல தண்ணீரில் நாலைந்து நாட்கள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, நிழலில் உலர்த்துக. வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறும். உப்பு நீங்காமல் பெட்டியில் வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பூசணம் பிடித்து நாறும். ஒவ்வொன்றுடனும் இடமும் தேதியும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத சேகரம் விளையாட்டுச் சாமானுக்குச் சமானம்.

பனிநாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள்

நம் ஊரில் வெண்பனி பெய்யாவிட்டாலும், அதனால் விரட்டப்பட்டவர்கள் நம்மிடந்தான் வந்து தங்குகிறார்கள். திபெத்திய பீடபூமியின் ஏரிகளில் குஞ்சு பொரித்த பழுப்புத்தலைக் கடற்காகம் மீன்பிடித் துறையில் படகுகளைச் சுற்றிக் கூச்சலிடுவதையும், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து ஜில்லாக் குளங்களிலும் கூந்தன்குளத்திலும் பயிர் மேய்வதையும், ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கூட்டங்கூட்டமாக மிதப்பதையும் இம்மாதங்களில் காணலாம். உப்பளங்களில் ஜனவரிக்குப் பிறகு பூநாரைகள் நிற்கும் காட்சியைப் பார்க்க வெளியூரார் பலர் வருகிறார்கள்; உள்ளூரார்தாம் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. மழையால் நின்றிருந்த உப்பு வேலை மறுபடி தொடங்கும் பருவமும் அதுவே. ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்களுக்கு நடுவே, பாத்திகளின் களிமண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்தும் தொழிலாளர்கள் அதிகாலையிலேயே குளிர்ந்த நீரில் நின்றுகொண்டிருப்பார்கள். நாம் விநோதம் பார்க்கப் போகும் குளிரில் அவர்கள் ஜீவனத்துக்காக நிற்கிறார்கள் என்ற நினைப்போடு, அளத்துக்காரரின் சம்மதம் பெற்று, வரப்பு உடையாமல் நடக்க வேண்டும்.

பறவை பார்ப்பதற்கு 8 மடங்கு பெரிதாக்கும் இருகண் தொலைநோக்கி போதும்; அதற்கு மேற்பட்ட சக்தியுள்ளது கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். காலையில் சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பூநாரைக் கூட்டம் தலையை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நாம் மிக அருகே போய்விட்டோம் என்று அர்த்தம். அப்போதே பின்வாங்க வேண்டும். குளங்களில் பெருங்குளமும், கடம்பாகுளமும் போதிய தூரம் கண்ணுக்கு இடம் தருபவை. 2011 முதல் பெரும்பாலும் ஜனவரியில், தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் குழு குழுவாகச் சென்று கணக்கெடுத்து வருகிறார்கள். தனியாகப் புத்தகம் வைத்துத் திணறுகிறவர்கள் அப்படி ஒரு குழுவில் சேர்ந்துவிட்டால், பல மாதப் படிப்பை ஒரு காலைப் பொழுதில் பெற்றுவிடலாம்.

தூண்டில் போடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இக்கரையில் அது குழந்தைக்கும் தெரிந்த வித்தை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களில் அந்நியர் புகத் தடையுண்டு என்பதையும், மற்ற இடங்களில் பாசி படிந்த கற்களின்மேல் ரப்பர்ச் செருப்புடன் நடப்பது எலும்பு முறிவுக்கு இராஜபாட்டை என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன்.

தேரி நடை அப்படியன்று; அதற்கு முன்யோசனை தேவை. திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் கோடையில் கால் வைக்க முடியாதபடி கொதிப்பவை. கச்சானில் இடம் பெயர்பவை. மார்கழி, தை மாதத்துக் காலைகளில் மட்டும் இரவுப் பனியால் மேல்மணல் சற்றே இறுகி, நடப்பதற்கு இசைவாக இருக்கும். விடியும் முன் கிளம்பி, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரை நடந்து, அச்செம்மணலின் நடுவே இருக்கும் சுனையைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குள் பனைகளின் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லா மேடும் ஒன்றுபோலவே தோன்றுவதால், போகும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்துத் திரும்பும் வழியை மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். வழியிலோ திரும்பிய பிறகோ வேகவைத்த பனங்கிழங்கு கிடைக்கும். ஆவணியில் மணற்பாத்தியில் புதைத்த பனங்கொட்டை பொங்கலை ஒட்டித் தோண்டும் பதத்துக்கு வந்திருக்கும். வீட்டுக் கொல்லையில் நாலடிக்கு நாலடி மணல் இருப்பவர், அடுத்த ஆவணியில் தாமே ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாம். மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி மூடிவிட்டால், மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். குருத்தோலை விரியும் முன்னே தோண்டிவிட வேண்டும். தாமதித்தால் கிழங்கு நாராகிவிடும்.

இரவு வானத்தை விரும்புகிறவர்க்குத் தை, மாசியைப் போல உபகாரமான மாதங்கள் இல்லை. முன்னிரவில் தெற்கே தாழ அகத்திய நட்சத்திரமும், விடியலுக்கு முன் திரிசங்கு என்னும் தென்சிலுவைக் கூட்டமும் கடலின்மேல் தெரியும். வெண்பனி தேசங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தரிசனம் கிடையாது. மொட்டைமாடியில் மல்லாந்து பார்க்கிறவர் தலைக்குத் துணியும், முதுகுக்கு அடியில் தடித்த சமுக்காளமும் இட்டுக்கொள்ள வேண்டும். தெளிந்த இரவில் தரை தன் உஷ்ணத்தை வானத்துக்கு இறைத்துவிட்டு, நம்முடைய உஷ்ணத்தைக் கேட்கும்.

கடல் நீராடலைப் பற்றிப் பலருக்கும் ஒரு பிரமை உண்டு. மார்கழி விடியலில் நீர்தான் குளிரும் என்று கரையிலேயே தயங்கி நிற்பார்கள். உண்மையில் அந்நேரத்தில் கடல் நீர் காற்றைவிட உஷ்ணமாக இருக்கும். ஆழத்திலிருந்து ஏறிவரும் சங்குக்குளியாளருக்கு நடுக்கம் எடுப்பது பெரும்பாலும் படகின்மேல் காற்றுபடும்போதுதான். நீரானது காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகத்தில் தேகத்தின் வெப்பத்தை உறிஞ்சுவதால் வெகுநேரம் கிடப்பதும் தவறே. ஆனால் குளித்து ஏறியதும் ஈரத்துணியோடு காற்றில் நின்று பேசுவது அதைவிடப் பெரிய தவறு. ஏறியவுடன் தலையைத் துவட்டி, ஈரத்தை மாற்றி, படகின் மறைவிலோ சுவரின் மறைவிலோ நின்று, சூடாக ஏதேனும் அருந்த வேண்டும்.

வீட்டுக்குள்

இனி, வீட்டைக் கவனிப்போம். இக்கரையின் பழைய வீடுகள் சிலவற்றின் சுவர்கள் கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. கோடையில் அவற்றைப் போல் சுகமான சுவர் இல்லை, மழைக்காலத்தில் அவற்றைப் போல் ஈரம் குடிக்கும் சுவரும் இல்லை. உவர் ஏறி உப்புப் பூத்த சுவரைக் கண்டு மனம் நொந்து, கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பிளாஸ்டிக் வண்ணத்தைப் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றி அடுத்த வருஷமே வண்ணத்தைத் தோல் தோலாக உரித்துத் தள்ளும். சுண்ணாம்பு நீற்றி அடிக்கும் பழைய வெள்ளையே அச்சுவருக்கு மூச்சு விட இடம் தருவது. கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். கடலில் நனைந்த துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் கொடியில் போட்டால் அது என்றைக்கும் முழுமையாக உலராது. துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரவில் வடகிழக்கு ஜன்னல்களைச் சாத்தி, காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒருக்களித்து வைப்பதே முறை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் உறங்குவோரின் மூச்சே சுவரில் வேர்க்கும். கதவின் அடியிடுக்கில் மடித்த சாக்கை வைத்துவிட்டால் பாதிக் குளிர் வெளியே நின்றுவிடும். படுக்கையில் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு பாயை மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு கம்பளியைப் போர்த்துகிறவர் விடியும் மட்டும் நடுங்குவார். பத்தமடைப் பாயின்மேல் சமுக்காளமும், அதன்மேல் வெயிலில் காய்ந்த இலவம்பஞ்சு மெத்தையும் விரித்தவர்க்கு ஒரு போர்வை போதும். மெத்தையைப் பத்து மணிக்கு மேல் வெயிலில் போட்டு, மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். மாலை வரை விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வந்து குடியேறும்.

அடைத்த அறைக்குள் கரியடுப்பையோ கணப்புச் சட்டியையோ வைத்துக்கொண்டு உறங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. புகை அடங்கிக் கங்கு சிவந்திருக்கும் வேளையில் பயமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு அக்கங்கிலிருந்தே எழுகிறது. அது மூச்சை அடைப்பதாகத் தோன்றாமல், லேசான தலைவலியும் தூக்கமும் தந்து, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். பிள்ளை பெற்ற வீட்டில் கும்முட்டி அடுப்பு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதைத் தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொண்டு, தாய்க்கும் சேய்க்கும் உலர்ந்த துணியையும் தொப்பியையும் காலுறையையும் தருவது உத்தமம். சாம்பிராணிப் புகை அறைக்கு மணம் தரும். சிசுவின் சுவாசப்பைக்கு அதனால் நன்மை கிடையாது. வெந்நீர் ரப்பர்ப் பையைத் துணி சுற்றிக் கால்மாட்டில் வைப்பது முதியவர்களுக்குப் பெரிய சௌக்கியம். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர்களுக்கு மட்டும் அது ஆகாது, சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

ஆகாரத்தில் இந்த ஜில்லாவுக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. சுக்கும் மல்லியும் மிளகும் இடித்து உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்த காபி, நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, காரமான நண்டு ரசம் ஆகிய மூன்றும் உள்ள சமையலறையில் குளிர் தானாகவே வெட்கப்பட்டு விலகும். தூத்துக்குடி மக்ரூன் மட்டும் இம்மாதங்களில் பாவப்பட்ட ஜென்மம். காற்றுபட்ட கால்மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். விருந்தாளி வரும் வரை டப்பாவைத் திறக்காமலிருக்கும் வைராக்கியம் உள்ளவர் வாங்கி வைக்கலாம்.

வெண்பனி தேசத்துக்குப் போகிறவர்க்கு

இக்கரையிலிருந்து கப்பல் வேலைக்குப் போய்ப் பால்டிக் கடலின் உறைபனியில் நிற்கிறவர்களும், கடலுக்கு அக்கரையிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த உறவினரைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. கனடியப் பாராளுமன்றம் 2016-ல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. டொராண்டோவில் தைப்பொங்கல் உறைநிலைக்குக் கீழே, ஜன்னலுக்கு வெளியே வெண்பனி குவிந்திருக்கும்போது பொங்குகிறது. அங்கே போகிறவர்க்கும் இங்கே சொன்ன விதியே பொருந்தும்: உலர்ந்திருக்க வேண்டும், காற்றை மறிக்க வேண்டும். தோலை ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருக்கலாகாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி உடுப்பு, அதன்மேல் தடித்த ஒன்று, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கி என மூன்றாக அணிந்து, வேலை தொடங்கும் முன்பே, அதாவது வியர்க்கும் முன்பே, ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். மேலங்கியை இங்கே வாங்கிச் சுமந்து போவது வீண் செலவு. அவ்வூர்ப் பழந்துணிக் கடையில் அவ்வூர்க் குளிருக்கென்றே தைத்தது மலிவாகக் கிடைக்கும். பாதணி சற்றுத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் இரத்தம் ஓடாது.

மூக்கு நுனியோ விரல் நுனியோ வெளுத்து உணர்ச்சி அற்றுப் போனால் அதைத் தேய்க்கவே கூடாது. வீட்டுக்குள் வந்து, உடற்சூட்டை ஒத்த, அதாவது 37, 38 பாகை உள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, வைத்தியரைக் காண வேண்டும்; மறுபடி உறைய நேரும் என்றால் அதுவரை உருக்காமலிருப்பதே மேல். மதுவருந்தினால் உஷ்ணம் உண்டாகிறது என்பது மாயை. அது தோலுக்கு இரத்தத்தை வரவழைத்து, உள்ளே இருந்த வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடுகிறது. உறைந்த ஏரியின்மேல் நடக்க ஆசைப்படுகிறவர், தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்கிறது என்று உள்ளூரார் அளந்து சொன்ன பிறகே கால் வைக்கலாம். ஐஸ்மேல் சறுக்கும் விளையாட்டை, நகரசபையார் அமைத்த திடல்களில், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு பழகலாம். முதல் நாளில் விழாதவர் யாரும் இல்லை, ஆகையால் வெட்கப்பட வேண்டியதில்லை.

கப்பலில் மேல்தளத்து வேலை பார்க்கும் இளைஞர்க்கு ஒரே ஒரு யோசனை. கயிறு இழுக்கும் கையுறை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அலைநீர் பட்டு நனைந்தே தீரும். நனைந்த கையுறை வெறுங்கையைவிட மோசம். ஆகவே இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றை அணிந்திருக்கும்போது மற்றொன்றை எஞ்சின் அறைச் சூட்டில், அனுமதிக்கப்பட்ட இடத்தில், கொக்கியில் தொங்கவிட்டு, நாலு மணி நேரக் காவல் முறை மாறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.